பழுதில்லாத மாடி

குளியலறைச் சுவரில் இருந்த கீறலை பஸ் டிரைவர் சிமெண்ட் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். அடைத்த சிமெண்ட் கழன்று அவர் காலில் விழுந்தது. கூடவே சுவரின் பழைய பூச்சும் ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து வந்தது.

"முன்னாடி வெறும் கீறல்தான் இருந்துச்சு," என்றாள் மனைவி.

போன வாரம் வீட்டுக்காரர் கீழ்வீட்டிலிருந்து படியேறி வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டில் மராமத்து வேலை இருக்கிறது, ரெண்டு மாசத்துக்கு மாடியைக் காலி பண்ணித் தர முடியுமா என்று கேட்டார். கூச்ச சுபாவி, கேட்பதற்குள் வியர்த்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்த டிரைவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மராமத்துக்கென்று வெளியேறியவர்கள் திரும்பி வந்தபோது வேறு குடித்தனம் கோலோச்சிய கதைகள் அவருக்கு நிறையத் தெரியும். தெருவில் பாதிப் பேருக்கு மனைவி துணி தைப்பது இந்த மாடியில்தான். ரெண்டு மாசம் மெஷினை நகர்த்தினால் வாடிக்கையும் நகர்ந்துவிடும்.

அவருடைய பஸ் கண்டக்டர் குடித்தனக்காரர்கள் சங்கத்தில் இருந்தார். வேலை முடிந்ததும் அதே வீட்டுக்குத் திரும்பி வர உரிமை உண்டு, பயப்படாதீங்க என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆள் இருக்கும்போதே செய்யக்கூடிய வேலைன்னா காலியே பண்ண வேணாம். கார்ப்பரேஷன் கட்டட அதிகாரியைக் கூப்பிட்டா வந்து பார்த்துச் சொல்லுவாரு."

டிரைவர் மனதில் இதுதான் ஒட்டிக்கொண்டது. பழுதே இல்லாத வீட்டில் என்ன மராமத்து? அதிகாரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, சிமெண்டும் கரண்டியுமாக இறங்கிவிட்டார்.

பூச்சு போன இடத்தை மறைக்க ஒரு கண்ணாடி மாட்டலாம் என்று ஆணி அடித்தார். அது நேராகத் தண்ணீர்க் குழாயில் இறங்கியது. பதறிப்போய் ஆணியைப் பிடுங்கினார். மனைவி தைத்து வைத்திருந்த துணிகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட, இவர் கட்டைவிரலால் சுவரை அடைத்துக்கொண்டு நின்றார். பிளம்பர் வந்து சேர்வதற்குள் தண்ணீர் தரை வழியாக இறங்கி, வீட்டுக்கார அம்மாவின் சமையலறையில் மழையாகப் பெய்தது.

அந்த அம்மா ஈரத்தலையோடு மேலே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தால், கையில் இன்னொரு வாளி கொண்டுவந்திருந்தார். பிழிந்து துடைக்கவும் உதவினார். போகும்போது, டிரைவர் புதிதாக வர்ணம் அடித்த அறையை ஆசையாகப் பார்த்து, இங்கே காற்று நன்றாக வருமா என்று விசாரித்தார். அடுத்த குடித்தனத்துக்குச் சொல்லத்தான் கேட்கிறார் என்று டிரைவர் முடிவுகட்டினார். மீதி அறைகளுக்கும் வர்ணம் அடித்தார்.

அதிகாரி வந்து மாடிச் சுவர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கு. இங்க யாரும் காலி பண்ண வேண்டியதில்ல."

டிரைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்த்தார். அவரோ, அதிலென்ன சந்தேகம் என்பதுபோலத் தலையாட்டினார்.

பிறகு எல்லாரும் கீழே போனார்கள். சமையலறைக் கூரை ஊறிப்போய் வயிறு தள்ளி நின்றது. அதிகாரி இரண்டடி பின்வாங்கினார். இதன் கீழே ஒருநாள்கூடக் குடியிருக்கக் கூடாது, கீழ்வீட்டை உடனே காலி செய்து வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

டிரைவருக்கு ஜெயித்த சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. சொந்த வீட்டில் போக்கிடம் இல்லாமல் நின்ற அந்த மனிதரைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"இது என்னாலதான் வந்துச்சு சார். வேலை முடியற வரைக்கும் ரெண்டு பேரும் மேல வந்து எங்களோட இருங்க. இடம் தாராளமா இருக்கு."

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் மனைவிதான் அவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"ஏங்க, மராமத்து நம்ம கீழ்வீட்டுக்குத்தான், அதுவரைக்கும் நாம தங்கத்தான் மாடியைக் கேட்கறோம்னு நீங்க இவர்கிட்ட சொல்லவே இல்லையா?"