அமத்துசாமி வெளிச்சம் பார்க்கப் போனார்

ராஜபாளையம் பக்கத்தில் விளக்கை யாரும் அணைப்பதில்லை, அமத்துவார்கள். "போகும்போது லைட்ட அமத்திட்டுப் போ" என்பது அங்கே குழந்தைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே காதில் விழுகிற வாசகம். எல்லோரும் சொல்கிற வாசகம்தான். ஆனால் அதைச் சொல்வதற்கென்றே பிறந்து, அதற்காகவே காலையில் கண்விழித்து, அது ஒழுங்காக நடந்ததா என்று பார்த்துவிட்டுத் தூங்கப்போகிற ஓர் இனம் உண்டு. அமத்துசாமிகள் என்று வைத்துக்கொள்வோம். ரேஷன் கார்டுக்கு ஒருவர் வீதம் கொடுத்ததுபோல எல்லா வீட்டிலும் இருக்கிறார்.

அடையாளம் காண்பது கஷ்டமில்லை. நீங்கள் ஓர் அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பீர்கள். தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்புவதற்குள் அறை இருட்டாகியிருக்கும், ஃபேன் கடைசிச் சுற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும், நிலைப்படியைத் தாண்டி ஒரு முதுகு மட்டும் போய்க்கொண்டிருக்கும். அந்த முதுகுதான் அவர். குளியலறையில் ஆள் குளித்துக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து அமத்திவிடுவார். உள்ளேயிருந்து கத்தல் வந்தால் வருத்தப்படுவார் என்றா நினைக்கிறீர்கள்? "உள்ள ஆள் இருந்தா கொரல் குடுக்க வேண்டாமா?" என்று சோப்பு நுரையோடு நிற்கிறவரையே கேட்பார்.

கஞ்சனா? அதுதான் இல்லை. கோயில் கொடைக்கு வரி கேட்டு வந்தால் இரண்டு பங்காகக் கொடுப்பார். சப்பட்டை மாம்பழம் வந்துவிட்டால் கூடையோடு இறக்குவார். அவருடைய துக்கம் வேறு. ஆள் இல்லாத இடத்தில் விளக்கு எரிவது அவருக்கு, இலை போட்டுச் சோறு வைத்த பிறகு சாப்பிட ஆளைக் காணோம் என்பதைப்போல. அவ்வளவுதான்.

நம்முடைய அமத்துசாமி சோலைராஜ். வயது அறுபத்தொன்று. முப்பத்துநாலு வருஷம் நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். மில்லில் மூன்று ஷிப்டும் விளக்கு எரியும், ஒன்றையும் தொட முடியாது. அந்த ஏக்கத்தையெல்லாம் வீட்டுக்கு வந்து தீர்த்துக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி உட்கார்ந்திருக்கும்போதே பாதி விளக்கை அமத்தி, ரசத்தை மோர் என்று நினைத்து வாங்கியவர்கள் சாபம் விட்டது உண்டு. ஓர் அரசு அலுவலகத்தில் மேஜைக்குக் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்த கிளார்க் நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேல் ஃபேன் நின்றிருந்தது. "ஆள் இருக்கேன் சார்" என்று அந்த மனிதர் பரிதாபமாகச் சொன்னாராம்.

இப்படிப்பட்டவருக்கு வாக்கப்பட்டவள் காளீஸ்வரி. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்காரி. ஆடிப்பூரம் வந்துவிட்டால் அவள் பிறந்த வீட்டு வாசலில் பத்து நாளைக்கு சீரியல் செட் தொங்கும். சிவப்பும் பச்சையும் முகத்தில் மாறி மாறி விழ வளர்ந்த பிள்ளை. பதினோரு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்துக்கு வந்தாள், இருட்டில் இறங்கினாள். "யாருக்கு எரியுது இது?", "இங்க என்ன கல்யாணமா நடக்கு?", "இந்தத் தடவ ஐந்நூறு யூனிட்டத் தாண்டப் போகுது பாரு". முப்பது வருஷமாக இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டே குடும்பம் நடத்தினாள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள், ஒன்றைத் தவிர. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், "மாடிக்கு ராத்திரி எவன் போறான்?" என்று சொல்லி சோலைராஜ் மாடிப்படி பல்பைக் கழற்றிவிட்டார். அந்த வாரமே, மொட்டை மாடியில் காயப்போட்ட வற்றலை எடுக்கப் போன காளீஸ்வரி பொழுது மசங்கின நேரத்தில் இறங்கி வந்து, கடைசிப் படியில் கால் பிசகி, இருபது நாள் கட்டோடு கிடந்தாள். இருபது நாளும் சோலைராஜ்தான் சமைத்தார், துவைத்தார், வெந்நீர் போட்டுக் காலில் ஒத்தடம் கொடுத்தார். குறை சொல்ல முடியாது. பல்பு மட்டும் திரும்பி வரவில்லை.

மகள் பானுப்பிரியா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அம்மாவையும் அப்பாவையும் அழைத்திருந்தாள். முப்பதாவது கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "ஊரு பூரா லைட்டு எரியுமாமே, அதச் சுத்திப் பாக்கணும்" என்றாள் காளீஸ்வரி. மகளுக்கு அன்று மாலை டியூட்டி. பஸ்ஸில் கூட்டமாகப் போகிற சுற்றுலா மலிவுதான். ஆனால் விமானத்தில் வரும்போது தூங்கிக்கொண்டிருந்த பதினோரு பேருடைய தலைமாட்டு விளக்கை அப்பா எட்டி எட்டி அமத்திக்கொண்டு வந்த கதை அவள் காதுக்கு வந்திருந்தது. அடுக்குமாடி நடைபாதை விளக்குகளுக்கு ஸ்விட்ச் எங்கே என்று வந்த நாளிலிருந்து அவர் சுவரைத் தடவிக்கொண்டிருப்பதைக் கண்ணாலும் பார்த்திருந்தாள். அதனால் தனிக் கார், தனி வழிகாட்டி, சாயங்காலம் ஆறரை முதல் ஒன்பதரை வரை என்று ஏற்பாடு செய்துவிட்டாள்.

கீழே இறங்குகிற லிஃப்டில் காளீஸ்வரி கணவர் பக்கம் திரும்பினாள்.

"இந்தாங்க. இன்னைக்கு ஒரு நா. மூணு மணி நேரம். அமத்துன்னு ஒரு வார்த்த, யூனிட்டுன்னு ஒரு வார்த்த உங்க வாயில இருந்து வரக் கூடாது. வந்துச்சு, ஞாயித்துக்கெழம பிளேன்ல நீங்க மட்டும் ஏறுங்க. எனக்கு இன்னும் இருவது நா விசா இருக்கு. பிள்ளகிட்ட இருந்துட்டுப் பொறவு வாரேன்."

சோலைராஜுக்குத் திக்கென்றது. சமைக்கத் தெரியாதா? தெரியும். துவைக்கத் தெரியாதா? அதுவும் தெரியும். ஆனால் காளீஸ்வரி இல்லாத வீட்டில் லைட்டை யார் போடுவார்கள்? யாரும் போடாத லைட்டை எப்படி அமத்துவது? இருபது நாள் வேலையில்லாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தார். "பேச மாட்டேன்" என்றார்.

வழிகாட்டிக்கு ஹெப்சிபா என்று பெயர். அங்கேயே பிறந்து வளர்ந்த பெண். காரையும் அவளே ஓட்டினாள். ஆற்றுப் பாலத்தில் நிறுத்தி, "அங்க பாருங்க ஆன்ட்டி" என்றாள். எதிரே நாற்பது மாடி, ஐம்பது மாடிக் கட்டடங்கள், அடி முதல் நுனி வரை வெளிச்சம். தண்ணீருக்குள்ளும் அவ்வளவு வெளிச்சம். காளீஸ்வரி பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தாடி" என்று ஒரே வார்த்தை சொன்னாள்.

சோலைராஜ் மாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உள்ள ஆளு இருக்காகளா?"

"இந்த நேரத்துக்கா? பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பாங்க அங்கிள்."

"அப்ப போகும்போது..." என்று ஆரம்பித்தார். காளீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். "போகும்போது பத்திரமாப் போவாகளா?"

"பத்திரமாப் போவாங்க அங்கிள்" என்றாள் ஹெப்சிபா, இப்படிக் கவலைப்படுகிற மனிதரை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

இப்படியே இரண்டு மணி நேரம். ராட்டினத்து வெளிச்சம், படகு வெளிச்சம், கடைத்தெரு வெளிச்சம். சோலைராஜ் கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, வியர்த்து வழிந்தபடி வந்தார். அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா என்று ஹெப்சிபா இரண்டு தடவை கேட்டாள். "சந்தோசம்மா, சந்தோசத்துல அப்படி வேக்கும்" என்றாள் காளீஸ்வரி.

கடைசியாக ஒரு பூங்காவில் வானத்தை முட்டுகிற இரும்பு மரங்கள். எட்டே முக்காலுக்குப் பாட்டுக்குத் தகுந்தாற்போல மரங்களெல்லாம் நிறம் மாறி எரியும், தரையில் படுத்துப் பார்த்தால்தான் நன்றாக இருக்கும் என்றாள் ஹெப்சிபா. காளீஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஊர் பார்க்கத் தரையில் மல்லாந்து படுத்தாள். படுத்துக்கொண்டே சிரித்தாள். சோலைராஜும் பக்கத்தில் படுத்தார். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மரங்களெல்லாம் ஒரு நிமிஷம் மொத்தமாக அமந்தன. அன்று மாலை அவர் முகம் மலர்ந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

அந்த நிம்மதியில்தான் சந்தேகம் வந்தது. ஊரிலிருந்து கிளம்பும்போது குளியலறை லைட்டை அமத்தினோமா? அமத்தினோம். அதற்குப் பிறகு, ஃப்ளாஸ்கை மறந்துவிட்டேன், முகத்தையும் கழுவிவிட்டு வருகிறேன் என்று காளி ஒரு தடவை உள்ளே போனாளே? போய் வந்தவள் அமத்தினாளா?

எழுந்துவிட்டார். மேலே லட்சம் பல்பு எரிய ஆரம்பித்திருந்தது. அவர் கண்ணுக்கு ராஜபாளையத்து ஒன்பது வாட் ஒன்றுதான் தெரிந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும் என்று சாவியைப் பக்கத்து வீட்டு மாரிசாமியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். எட்டு நாளும் காலையில் அவனைக் கூப்பிட்டு, "எல்லாம் அமந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அமந்திருக்கு அண்ணாச்சி" என்று அவனும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். காலை வெளிச்சத்தில் பார்த்தவனுக்கு என்ன தெரியும்? இப்போது அங்கே மணி ஆறேகால். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியிருக்கும். நாலடி தள்ளிப் போய் வீடியோவில் கூப்பிட்டார்.

"ஏலே மாரி, செத்த நேரம் என் வீட்டக் காட்டு."

மாரிசாமி தெருவில் இறங்கி போனைத் திருப்பினான். சோலைராஜுக்கு எரிச்சல் வந்தது.

"நான் என் வீட்டக் காட்டச் சொன்னா, நீ எவன் வீட்டுக் கல்யாணத்தலே காட்டுத?"

"ஒங்க வீடுதான் அண்ணாச்சி."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வாசல் லைட், ஹால் லைட், இரண்டு படுக்கையறை, அடுப்படி, சாமி ரூம், கிணற்றடி, காம்பவுண்டுச் சுவர்த் தூணில் இரண்டு. அம்புட்டும் எரிந்தது. கட்டி இருபத்தேழு வருஷமாகிறது, தன் வீட்டை அப்படி அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"எவம்லே போட்டது?"

"மதினிதான சொல்லிட்டுப் போனாக. பொழுதடஞ்சா எல்லா லைட்டையும் போடு, வெடிஞ்சா அமத்துன்னு. எட்டு நாளா என் வீட்டுக்காரி முனீஸ்வரிதான் போட்டுட்டு இருக்கா. ஒங்களுக்குத் தெரியாதா?"

சோலைராஜ் திரும்பினார். காளீஸ்வரி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். திருட்டு முழி முழிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நாம இருக்கும்போதுதான் எரியல. இல்லாதப்பவாவது எரியட்டுமேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். "எப்படி இருக்கு பாருங்க, நம்ம வீடு."

அவள் கண் நிறைந்துவிட்டது. ஹெப்சிபா ஓடி வந்து, "ஆன்ட்டி, ஷோ போய்க்கிட்டு இருக்கு, மிஸ் பண்ணாதீங்க" என்றவள், போனை எட்டிப் பார்த்து, "இது எந்த இடம்? அழகா இருக்கே" என்றாள்.

"எங்க வீடு."

பிறகு காளீஸ்வரி சொன்னது சத்தமில்லாமல் இருந்தது. "மாடிப்படி மட்டும் இருட்டாக் கெடக்கு."

சோலைராஜ் பார்த்தார். அவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவில் அந்த ஓர் இடம் கறுப்பாக இருந்தது. அவள் விழுந்த இடம். வாயைத் திறந்தார். காளீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். சொன்ன மூன்று மணி நேரத்தில் இன்னும் அரைமணி பாக்கி இருந்தது.

"மாரி" என்றார். "சாமி ரூம் அலமாரி. மேல்தட்டுல பால்கோவா டப்பா இருக்கும். அதுக்குள்ள இருக்க பல்ப எடுத்து மாடிப்படில மாட்டு."

டப்பாவுக்குள் ஏழு பல்பு இருந்ததாம். மாரிசாமி ஒன்றை எடுத்து மாட்டினான், ஸ்விட்சைத் தட்டினான். ஒன்பது வருஷம் சும்மா கிடந்த பல்பு, உடனே எரிந்தது. கடைசிப் படி வரை வெளிச்சம். காளீஸ்வரி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பது வருஷத்தில் அவர் கொடுத்த எதற்கும் அவள் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

இத்தோடு அவர் வாயை மூடியிருக்கலாம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா?

"சரி, பாத்தாச்சுல்ல? அமத்து."

காளீஸ்வரி தீர்ப்பை அங்கேயே சொன்னாள். பல்பு மாட்டச் சொன்னதற்காகத் தண்டனையில் பாதி தள்ளுபடி. மீதி பத்து நாள். ஞாயிற்றுக்கிழமை சோலைராஜ் தனியாகத்தான் விமானம் ஏறினார்.

அந்தப் பத்து நாள் ராஜபாளையத்தில் நடந்ததை மாரிசாமி போனில் சொல்லித்தான் காளீஸ்வரிக்குத் தெரியும். "சாயங்காலமானா அண்ணாச்சியே எல்லா லைட்டையும் போடுதாக மதினி. போட்டுட்டுத் தெருமுக்கு வரைக்கும் நடந்து போறாக. திரும்பி வந்து, 'யாருக்கு எரியுது இது?'ன்னு சத்தம் போட்டுக்கிட்டே ஒண்ணொண்ணா அமத்துதாக. மாடிப்படி லைட்ட மட்டும் தொடுறதில்ல. ஏன்னு கேட்டேன். ஸ்விட்ச் மக்கர் பண்ணுதுலே, அமத்த முடியலங்காக."

காளீஸ்வரி ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தாள். ஒரு மக்கரும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

நம்ம வீட்டு மனுஷனை அப்படியே எழுதியிருக்கிறதே என்று நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் குளியலறை லைட்டை அமத்தினோமா என்று சோலைராஜுக்குச் சந்தேகம் வந்த இடத்தில், கண்ணைக் கதையிலிருந்து எடுத்து உங்கள் வீட்டுக் குளியலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தீர்களே, அது எதற்கு? எழுந்து போய் அமத்திவிட்டே வந்து மீதியைப் படித்தவர்களும் இருக்கிறீர்கள். போனதுதான் போனீர்கள், உள்ளே ஆள் உண்டா என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அமத்தியிருக்கலாம்.