கவட்டை, கொக்கி, கத்தரிக்கோல்

"இன்னா பாஷை தெரியும்னு சொல்லிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள் மனைவி தேவானை.

"கிரேக்கம்."

"அது எந்தப் பக்கம் கீது?"

கோதண்டபாணிக்கு அதுவும் தெரியாது. கையிலிருந்த காகிதக் கட்டை மெதுவாகத் தரையில் வைத்தார்.

மயிலாப்பூரில் அவர் பிழை திருத்திக்கொண்டிருந்த அச்சகம், யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது. மகள் மீனாட்சியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி ஆறு மாதம். அடையாற்றில் ஞானாதிக்கம் என்ற வயதான வேதபாட ஆசிரியர் தம் புத்தகத்துக்குப் பிழை பார்க்க ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, பாலத்தைத் தாண்டி நடந்தே போனார். திறமை, அறிவு, அனுபவம் இவற்றைப் பழைய கிரேக்கர்கள் என்னென்ன சொற்களால் சொன்னார்கள் என்று ஆராயும் புத்தகம் அது. பெரியவர் கேட்டது ஒரே கேள்வி. அதற்குக் கோதண்டபாணி "தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

இந்த வேலை ஜூன் வரை நிலைத்தால் மீனாட்சி மறுபடி ஏழாம் வகுப்புக்குப் போகலாம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுடைய பழைய பாவாடையைத் தேவானை நீளம் விட்டுத் தைத்து வைத்திருந்தாள்.

பிழை பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கையெழுத்துப் பிரதியைப் படிக்க, மற்றவர் அச்சுத் தாளோடு ஒத்துப் பார்ப்பார். மீனாட்சி கையெழுத்துப் பிரதியோடு எதிரில் உட்கார்ந்தாள். எழுத்தின் பெயர் தெரியாததால் கண்ணுக்குப் பட்டதைப் பெயராக வைத்துக்கொண்டாள்.

"கொம்பு, கொக்கி, கத்தரிக்கோல், கவட்டை..."

"சரி."

"முட்டை, மீன், திரும்பவும் மீன்..."

"வீட்ல மீன் வாங்கி ரெண்டு மாசமாச்சு, பேச்சுல மட்டும் கொறைச்சல் இல்ல" என்றாள் தேவானை.

முதல் கட்டில் பதினேழு பிழைகள் அகப்பட்டன. ஒரு எழுத்தின் தலையில் விடுபட்டிருந்த, தூசி மாதிரியான புள்ளியைக்கூட மீனாட்சி விடவில்லை. பெரியவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "இதுல எந்தச் சொல் உங்களுக்குப் பிடிச்சிருக்கு?" என்று கேட்டார்.

"எல்லாமே நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார் கோதண்டபாணி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அடுத்த முறை இப்படித் தப்பிக்க முடியாது. நேராக ராயப்பேட்டை ஹகீம் நூர் முஹம்மதுவிடம் போனார்.

"ஹகீம் சாஹிப், யூனானி வைத்தியம்னா கிரேக்க வைத்தியம்தானே?"

"ஆமா."

"அப்போ உங்களுக்குக் கிரேக்கம் தெரிஞ்சிருக்கணும்."

ஹகீம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அரே, அது அரபிக்கு வந்தே ஆயிரம் வருஷமாச்சு. மூலத்தை யாரு பார்த்தா? நாடியக் காட்டு."

"நாடி வேணாம். அறிவு, அனுபவம், அதுக்கெல்லாம் உங்காளுங்க இன்னா சொல்லியிருக்காங்க?"

ஹகீம் தாடியைத் தடவினார். "தெரிஞ்சது மூணு வகை. கேட்டுத் தெரிஞ்சது, செஞ்சு தெரிஞ்சது, கொன்னு தெரிஞ்சது. வைத்தியனோட அனுபவம் மூணாவது."

மறுநாள் கோதண்டபாணி அதைத் தம்முடைய கருத்தாகப் பெரியவரிடம் சொன்னார். பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கொன்னு தெரிஞ்சதா? எம்பெய்ரியான்னு அவங்க சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். பட்டுத் தெரிஞ்சது. இதை எங்கே படிச்சீங்க?"

"எல்லாம் பழக்கந்தானுங்க."

பெரியவர் முகம் ஏனோ வாடிவிட்டது. பொறாமை என்று கோதண்டபாணி முடிவு செய்தார். அந்தத் தைரியத்தில் அகராதியை இரவல் கேட்டார். பெரியவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார்.

பதினைந்து நாள் அகராதியும் கையுமாகவே கிடந்தார். தெக்னே என்றால் தொழில் திறன். எபிஸ்தேமே என்றால் காரணத்தோடு அறிந்த அறிவு. மேதிஸ் என்றால் சமயத்துக்குக் கைகொடுக்கும் சாமர்த்தியம். சாப்பிடும்போதும் முணுமுணுத்தார். தமக்கு இருப்பது மேதிஸ்தான் என்று தேவானையிடம் சொன்னார்.

"அதுக்கு மருந்து கீதான்னு ஹகீமைக் கேளுங்க" என்றாள் அவள்.

அடுத்த கட்டு வந்தது. மீனாட்சி வழக்கம்போல ஆரம்பித்தாள். "கொம்பு, கொக்கி, கத்தரிக்கோல், கவட்டை..."

"தெக்னே. மேலே போ."

"கவட்டை இருக்குதாப்பா?"

"அது தெக்னேதான்டி. எனக்குத் தெரியாதா? மேலே போ."

மூன்று நாள் வேலை ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. பிழை மொத்தம் இரண்டு.

பெரியவர் அந்தத் தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, சிவப்பு மையால் அங்கங்கே சுழித்தார். சுழித்துக்கொண்டே போனார். கோதண்டபாணி எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து வரவேண்டாம், கோதண்டபாணி" என்றார் பெரியவர். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

குட்டு உடைந்துவிட்டது என்று கோதண்டபாணி நினைத்தார். இனி உண்மைதான் காப்பாற்ற வேண்டும்.

"ஐயா, மன்னிக்கணும். எனக்குக் கிரேக்கம் தெரியாதுங்க. பொண்ணு படிப்புக்காகத்தான் பொய் சொன்னேன். மீன், முட்டைன்னுதான் பார்த்தோம்."

"தன்னடக்கம் வேண்டாம்" என்றார் பெரியவர் வருத்தத்தோடு. "எம்பெய்ரியாவுக்கு அப்படி ஒரு விளக்கம் நானே எழுதலை. போய்ட்டு வாங்க."

வாசலில் சமையல்காரி குல்ஷன் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கோதண்டபாணி சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். ஒரு செருப்பு மாட்டவே வரவில்லை.

"ஏம்மா, சொல்லு. கிரேக்கம் தெரியலைன்னு என்னை அனுப்பினா ஞாயம். தெரியும்னு அனுப்பறாரே."

குல்ஷன் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னா நைனா நீ, தெரிஞ்சவன் கண்ணு எழுத்தைப் பார்க்காது, தாண்டிப் பூடும்னுதானே முன்னாடி மூணு பேரை அனுப்பினாரு, நீ பொய் சொல்றேன்னு மொத நாளே கண்டுபுடிச்சித்தான், ஆள் கெடைச்சிட்டான்னு உன்னை வேலைக்கு வச்சாரு."