கொட்டாங்கச்சிச் சோறு

"மெரிக்காதே நைனா! அம்மா துன்னுக்கினு கீது."

அங்கமுத்து தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றான். கீழே ஒரு கொட்டாங்கச்சி நிறைய கடற்கரை மணல். ஐந்து வயது மகள் கங்கம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா முத்தம்மா தை மாதக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்று பிள்ளையைப் பழவேற்காட்டுப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு 'அம்மா பெரியம்மா வூட்டுக்குப் போயிருக்கு' என்று புளுகி வைத்திருந்தான். இப்போது பிள்ளை, அம்மா திரும்பி வந்துவிட்டதாகவே நம்புகிறதே!

கட்டுமரத்தில் புயலுக்கே பயப்படாதவன் நடுங்கிப்போனான். பிள்ளை மனசு நோகக்கூடாதென்று, பக்கத்திலேயே ஒரு தட்டில் நிஜச் சோறும் வஞ்சிரக் குழம்பும் வைத்தான்.

பூனை தின்றுவிட்டது.

"அம்மாவா துன்னுச்சு?" என்று காலித் தட்டைப் பார்த்துக் கங்கம்மா கேட்டாள்.

"ஆமா" என்றான். பாவி வேறென்ன சொல்வான்?

மறுநாள் பூனையைக் கட்டிப்போட்டான். தட்டு அப்படியே கிடந்தது.

"ஏன் நைனா துன்னல?"

"வவுத்து வலி" என்று உளறினான்.

கங்கம்மா வேப்பிலையை மணலில் பிசைந்து மருந்து வைத்தாள். நம்ம ஆள் சும்மா இருப்பானா? லஸ்ஸில் டிராம் ஏறி, ராயப்பேட்டை வைத்தியரிடம் கஷாயமே வாங்கப் போய்விட்டான்!

"யாருக்கப்பா உடம்பு?" என்றார் வைத்தியர்.

"வூட்டுக்காரிக்கு சாமி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. தெருவில் நின்று அழுதான்.

கஷாயப் புட்டியைப் பார்த்ததும் பக்கத்துக் குடிசைக் குப்பம்மா மீன்கூடையை இறக்கிவிட்டுக் கத்தினாள்.

"இன்னாடா கூத்து இது? செத்தவளுக்கு இன்னும் படையல் போடல, கஷாயம் வாங்கியாந்து கீறே!"

"மெதுவா பேசு யக்கா. படையல் போட்டா கொழந்தைக்குத் தெரிஞ்சிடும். அது தாங்காது."

"நீ சொல்ல மாட்டே. நானே சொல்றேன்."

குப்பம்மா வெளியே போய்க் கங்கம்மாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "கண்ணு, ஒங்கம்மா வந்து..."

கங்கம்மா சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். குடிசைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியும் அத்தே. அதான் மண்ணு சோறு போடறேன். நைனாதான் நெசச் சோறு வெக்குது. பாவம், அதுக்கு இன்னும் தெரியாது. நீ சொல்லிடாதே."