பெரட்டு மண்டோரின் தோள் கணக்கு

அரசாங்கம் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிற மக்கள்தொகைக் கணக்கைத் தினமும் காலை ஆறரை மணிக்குள் எடுத்து முடித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் லிங்கிக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்து மூன்றாம் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். அவருடைய நிஜப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் பெரட்டு மண்டோர்.

பெரட்டு என்பது வேலைக்குக் கிளம்பும் முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. ரப்பர் இருந்த காலத்தில் அதை நடத்திய மண்டோர், அதாவது கங்காணி, அவர்தான். பிறகு ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். குலை அறுக்கப் பங்களாதேஷிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மண்டோருக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலையை வாங்கிக்கொண்டாரே தவிர, வேலையை விடவில்லை. மறுநாள் காலையிலிருந்து வாசல் வாசலாகப் போய் நின்று பெயர் கூப்பிட ஆரம்பித்தார். உள்ளேயிருந்து "இருக்கேன்" என்று குரல் வந்தால்தான் அடுத்த வீடு. குளித்துக்கொண்டிருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

நாலாபக்கமும் கண்ணுக்கு எட்டியவரை செம்பனை, நடுவே தீவு மாதிரி எங்கள் லயம். அதில் மிஞ்சியிருந்தவை பதினொரு வீடுகள். பெயர் கூப்பிட்டு முடித்ததும் தினசரி நாள்காட்டியின் தாளைக் கிழித்துப் பின்பக்கம் ஒரு கோடு போடுவார். கோட்டுக்கு இந்தப் பக்கம் தூக்குகிறவர்கள், அந்தப் பக்கம் தூக்கப்பட வேண்டியவர்கள். இதற்குத் தோள் கணக்கு என்று பெயர்.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் இடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடைக்கு மேலே இருப்பது பலகைப் பாலம். வேன் போகாது, டிராக்டர் போகாது. யார் செத்தாலும் நாலு பேர் தோளில்தான் போயாக வேண்டும். அந்த நாலு பேர் தோட்டத்துக்குள் இருக்கிறார்களா என்பதுதான் மண்டோரின் ஒரே கவலை.

பக்கத்து வீட்டுச் செல்விக்குக் குழந்தை பிறந்தபோது பழமும் பால் டின்னும் வாங்கிக்கொண்டு முதல் ஆளாகப் போனவர் அவர்தான். குழந்தையைக் கொஞ்சினார், விபூதி வைத்தார், அதே கையோடு நாள்காட்டித் தாளை எடுத்துத் தூக்கப்பட வேண்டியவர்கள் பக்கத்தில் அதன் பெயரை எழுதினார்.

செல்வி பொரிந்து தள்ளிவிட்டாள். "என்னா மாமா இது! பொறந்து பதினஞ்சு நாளு ஆவுல, கெழவங்க கூட சேத்து எழுதுறீங்க?"

"நடக்குதா?"

"இல்ல."

"தானா சாப்புடுதா?"

"இல்ல."

"அப்பறம் என்னாலா? ஒரு இருவது வருசம் பொறுத்துக்க. நானே பக்கத்த மாத்தி எழுதுறேன்."

அப்போதே அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

லாரி ஓட்டுகிற முனியாண்டி அண்ணனுக்கு அறுபது முடிந்த அன்று பெரிய ரகளை. மண்டோர் அரிசி மூட்டையோடு வாசலில் வந்து நின்றார். தோளில் ஏற்றிக் கோயில் வரைக்கும் போய்வந்தால் இந்தப் பக்கம், இல்லையென்றால் அந்தப் பக்கம். அண்ணன் பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரம் இடுப்பில் தைலம் தேய்த்து மறுபடியும் பரீட்சை எழுதித் தேறினார். இதில் வேடிக்கை, தூக்குகிறவர்கள் பக்கத்தில் முதல் பெயர் எப்போதும் மண்டோருடையது. அவரை மூட்டை தூக்கச் சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

ஒருமுறை வயதானவர்களைப் பற்றி ஏதோ ஆய்வு என்று பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி வந்தாள். மண்டோர் பிஸ்கட் டின் நிறையத் தாள்களைக் கொண்டுவந்து கொட்டினார். அந்தப் பெண் அரைமணி நேரம் புரட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், நாங்க கம்ப்யூட்டர்ல செய்றத நீங்க காலண்டர்ல செஞ்சிருக்கீங்க. உழைக்கிறவங்க எத்தனை பேரு, அவங்கள நம்பி இருக்கிறவங்க எத்தனை பேரு. வருசா வருசம் இந்தப் பக்கம் கொறையுது, அந்தப் பக்கம் ஏறுது."

"அது எனக்குத் தெரியும்மா. நிறுத்துறதுக்கு என்னா வழி? அத சொல்லு."

அவள் தாள்களைத் திரும்ப டின்னில் அடுக்கினாள். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

குறைந்த தோள்களில் ஒன்று என்னுடையது. செனாவாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்து நான் மோட்டர்சைக்கிளில் பெட்டியைக் கட்டியபோது அவர் வழிமறித்தார்.

"எப்ப வருவ?"

"லீவு கெடைக்கறப்ப வருவேன் மாமா."

"சரி. பேர அடிக்கல. லீவுன்னு போட்டுக்கறேன்."

ஒன்பது வருடம் நான் அவருடைய தாளில் லீவில் இருந்தேன். முதலில் மாதம் ஒருமுறை போனேன். பிறகு தீபாவளிக்குத் தீபாவளி. பிறகு அதுவும் இல்லை. என்னைப் போல எத்தனையோ பேர். எல்லோருக்கும் அதே லீவுதான்.

கடைசி வீட்டு மாரியாயி அக்கா ஒரு புதன்கிழமை மதியம் செத்துப்போனார். மழை வருகிற மாதிரி இருந்தது. இளவட்டங்கள் எல்லாம் ஷிப்டில். லயத்தில் கிடைத்த தோள் மூன்று. முனியாண்டி அண்ணன், செல்வியின் புருஷன், மண்டோர். நாலாவது ஆளுக்காக ஒன்றரை மணி நேரம் பாடையைக் கீழே வைத்துக் காத்திருந்தார்கள். குலை அறுத்துவிட்டு அந்த வழியாக வந்த ரஃபீக் என்கிற பங்களாதேஷ் பையன் வேடிக்கை பார்த்தான், விஷயம் புரிந்தது, தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தான்.

"போலே, பாக்சிக்?" என்று மலாயில் கேட்டான். நான் தூக்கலாமா, மாமா என்று அர்த்தம்.

மண்டோர் அவனை அதுவரை ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை. மறுநாள் காலையில் அவனுடைய கொட்டகைக்கு முன்னால் போய் நின்று பெயர் கூப்பிட்டார். தூக்கத்தில் இருந்தவன் போலீஸ் என்று நினைத்துச் சுவரேறிக் குதித்துவிட்டான். ஆனால் அவனுக்கும் பெர்மிட் முடிந்து, ஒருநாள் ஊருக்குப் போய்விட்டான். அவன் பெயருக்கு எதிரிலும் லீவு.

பிறகு மண்டோருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நாள்காட்டியை எடுத்துத் தரச் சொல்லி, இடது கையால் கோணல்மாணலாகத் தன் பெயரை அந்தப் பக்கத்தில் தானே எழுதினாராம். செல்விதான் சொன்னாள். அவருக்குச் சம்சாரம் போய் ரொம்ப நாளாகிவிட்டது, பிள்ளையும் கிடையாது. மூன்று வேளையும் செல்விதான் ஊட்டினாள்.

ஒரு நாள் அவள் போன் செய்தாள். "அண்ணே, மாமா சாப்புட மாட்டறாருண்ணே. ரெண்டு வாயிக்கு மேல வாய தொறக்க மாட்டறாரு. கேட்டா, நாலு பேரு இல்லலா, ரெண்டு பேரு தூக்குற மாதிரி எட எறங்கிட்டா போதுங்கறாரு. நீங்க வந்து சொன்னா கேப்பாரு."

மண்டோரும் போனை வாங்கிப் பேசினார். குரல் குழறியது. "ஞாயித்துக்கெழம வர்றியாடா?"

"ஓவர்டைம் இருக்கு மாமா. அடுத்த வாரம் வரேன்."

"சரி சரி. லீவுன்னு போட்டுக்கறேன்."

அடுத்த வாரமும் ஓவர்டைம் இருந்தது. செனாவாங்கிலிருந்து லிங்கி என்ன, கடல் கடந்தா இருக்கிறது? மோட்டர்சைக்கிளில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதற்கு அடுத்த வாரம் செல்வி அழுதுகொண்டே போன் செய்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது லயத்தில் மோட்டர்சைக்கிள் நிறுத்த இடமில்லை. தம்பின், சிரம்பான், மலாக்கா என்று எங்கெங்கோ போனவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். முப்பது தோளாவது இருக்கும். அன்று மட்டும் மண்டோரின் கணக்கு தப்பிப்போனது. ஆனால் அந்த முப்பதில் ஒருவன் ஒரு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால், அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் குளிக்க வைத்திருக்கலாம். சாப்பிடு மாமா என்று சொல்லியிருக்கலாம். அதை நினைத்தபோது எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது. நாலு இடத்துக்கு முப்பது பேர் முட்டி மோதினோம். பாலத்துக்கு முன்னால் எனக்கு இடம் கிடைத்தது.

பாடை தோளில் ஏறியது தெரியவே இல்லை. சொன்னபடியே இறங்கியிருந்தார். ரெண்டு பேர்கூட வேண்டியதில்லை. பலகையில் காலை வைத்தபோது எனக்குக் கண் மறைத்தது.

தூக்கத்தான் வந்தோமே மாமா, இன்னும் நாலு வாய் சாப்பிட்டிருக்கக் கூடாதா.