முட்டிக்கு முட்டை வைத்தியம்

அக்டோபர் மாத நெடுந்தூர ஓட்டத்தில் நெஸ்தோரை முந்திக் காட்டாவிட்டால் என் பெயர் ரதிவோய் இல்லை என்று ஈஸ்டர் விருந்தில் எல்லார் முன்னிலையிலும் சபதம் செய்தேன். மேஜையில் வறுத்த ஆட்டுக்குட்டி இருந்தது. பக்கத்தில் பிளம் பிராந்தியும் இருந்தது. சபதத்தில் பாதி பிராந்தி செய்தது. மீதியைச் செய்த முட்டாள் நான்.

நெஸ்தோர் எங்கள் மாடி வீட்டுக்காரர். பல் டாக்டர். என்னைவிட வயதில் மூத்தவர், தொப்பையிலும் மூத்தவர். போன வருஷம் கடைசித் திருப்பத்தில் என்னைத் தாண்டும்போது, மூச்சு விட மறந்துடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். முடிந்த பிறகு எனக்கு ஒரு பீரும் வாங்கிக் கொடுத்தார். தோல்வியை விழுங்கிவிடலாம். தோற்கடித்தவன் வாங்கித் தருகிற பீரை விழுங்குவதுதான் கஷ்டம்.

எனக்கு ஓடு வியாபாரம். நோவிசாத் ஊரில் பழைய கூரை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் என் கடைக்குத்தான் வருவார்கள். காலையில் டான்யூப் ஆற்றங்கரையில் ஓட்டம், பகலில் கடையில் ஓடு. என் மனைவி பிசெர்கா இதைத் தன் பாணியில் சொல்வாள். "கடையில ஓடு, கரையில ஓடு. வீட்டு வேலைன்னா ஒரே ஓட்டம்."

பிசெர்கா ஒரு டாக்சி கம்பெனியில் ஃபோன் எடுத்து வண்டி அனுப்புகிறவள். நாள் முழுக்க நாற்பது ஆண்களிடம் இடது பக்கம் திரும்பு, அங்கேயே நில், அந்தத் தெரு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். நாற்பது பேரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பாக்கி ஒரே ஒருவன். அவன் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

சபதம் செய்தவன் சும்மா இருப்பானா? ஓடுகிற தூரத்தை ஒரே மாதத்தில் இரண்டு மடங்காக்கினேன். கோட்டை மேட்டில் ஏறி, இறக்கத்தில் தலைதெறிக்க ஓடி வந்தேன். காலில் இருந்ததோ போன வருஷத்து ஷூ. குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்து, சாய்ந்த கூரை மாதிரி இருந்தது. ஊர்க் கூரைகளையெல்லாம் மாற்றச் சொல்லிப் பிழைக்கிறவன் நான். என் காலடியைப் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் வலது முட்டியின் வெளிப்பக்கத்தில் யாரோ ஆணி அடிக்க ஆரம்பித்தார்கள். சமதரையில் மெதுவாக அடித்தார்கள், மாடிப்படி இறங்கும்போது ஓங்கி அடித்தார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. படிகளில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். எதற்கு பீரோவை இறக்குகிற மாதிரி உன்னை நீயே இறக்கிக்கொண்டு வருகிறாய் என்று பிசெர்கா கேட்டாள். புதுப் பயிற்சி என்றேன்.

கடை லாரி டிரைவர் ஒரு கை வைத்தியம் சொன்னான். முட்டைக்கோஸ் இலையில் பிராந்தி தடவி முட்டியில் கட்டு, மூன்றே நாளில் குதிரை ஆகிவிடுவாய் என்றான். முட்டிக்கு முட்டைக்கோஸ். பெயர்ப் பொருத்தம் நன்றாகத்தான் இருந்தது. பேன்ட்டுக்குள் கட்டிக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் கடையில் நின்றேன். மதியத்துக்குள் இலை வெந்துவிட்டது. கூரை அளவோடு வந்திருந்த ஒரு அம்மாள் மோப்பம் பிடித்துவிட்டு, இங்கே சாப்பாடும் போடுகிறீர்களா என்று விசாரித்தாள்.

அன்று சாயங்காலம் பிசெர்கா என்னை மோந்து பார்த்தாள். பேன்ட்டைச் சுருட்டச் சொன்னாள். ஃபோனை எடுத்து, எங்கள் வாசலுக்கே ஒரு வண்டி அனுப்பினாள்.

டாக்டர் சென்கா விளையாட்டுக் காயங்களுக்குப் பெயர் போன பெண்மணி. என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒரு இடத்தில் அழுத்தினார். அந்த அழுத்தத்தில் என் சபதமே எனக்கு மறந்துபோனது. இடுப்பிலிருந்து முட்டியின் பக்கவாட்டுக்கு ஒரு தசைப்பட்டை வருகிறதாம், அது கோபித்துக்கொண்டிருக்கிறதாம். இடுப்புத் தசைக்கு வலுவில்லை, தூரத்தைத் திடீரென்று ஏற்றியது தப்பு, ஷூ செத்து ரொம்ப நாள் ஆகிறது என்று அடுக்கினார். ஒன்றரை மாதம் ஓடவே கூடாது. தினமும் சமதரையில் மெதுவாக நடக்க வேண்டும். படுத்துக்கொண்டு காலைத் தூக்கி இறக்க வேண்டும். ஒரு படியில் நின்று மெல்ல மெல்லக் கீழே காலை வைத்துப் பழக வேண்டும்.

மெதுவாக ஓடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். புல்தரையில்? கூடாது. பின்பக்கமாக ஓடினால்? டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. பிசெர்காவைப் பார்த்தார். இரண்டு பெண்களும் ஏதோ பேசி முடித்துவிட்ட மாதிரி தலையசைத்துக்கொண்டார்கள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எனக்குச் சுதாரிக்க எங்கே நேரம்? திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலிருந்து வீட்டுக்கு ரொட்டி வாங்குவது என் பொறுப்பு என்று அறிவித்தேன். தெருமுனைக் கடை ரொட்டி வாய்க்கு நன்றாக இல்லை, ஆற்றங்கரைக் கடையில்தான் வாங்குவேன் என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தீப்பெட்டிகூட வாங்கி வராதவன் நான். பிசெர்கா சந்தோஷமாகத் தலையாட்டினாள். ஷூவை நிலவறையில் ஊறுகாய்ப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். கடையில் ஒரு ரொட்டி, கரையில் ஒரு ஓட்டம், அப்புறம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்கு.

"ரொட்டி ஈரமா இருக்கே?" என்றாள் முதல் நாள்.

"இப்பதான் அடுப்புலேருந்து எடுத்தாங்க. ஆவி."

"உப்புக் கரிக்குது."

"நல்ல கடைன்னா உப்பு தாராளமா போடுவாங்க."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரக் கடைசியில், அந்தப் பக்கம்தானே போகிறாய், சந்தையில் ஒரு ட்ரே முட்டையும் வாங்கி வா என்றாள். முட்டை ட்ரேயைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். பாலத்தை நெருங்குவதற்குள் என் சட்டையே ஆம்லெட் ஆகிவிட்டது. அவள் திட்டவில்லை. பரவாயில்லை, நாளைக்கும் வாங்கி வா என்றாள். நாளைக்கும், மறுநாளும், அதற்கு மறுநாளும். வீட்டில் கேக் குவிந்தது. நான் முட்டையைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நடந்தேன்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. கரையில் ஐஸ்கிரீம் விற்கிறவனிடம் ட்ரேயைக் கொடுத்துவிட்டு ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தேன். அடுத்த நாளே முட்டை தேவை நின்றது, சூப் தேவை ஆரம்பித்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பெத்ரோவராதினில் பிசெர்காவின் அத்தை பெர்சிதா தனியாக இருக்கிறார். அவருக்கு உடம்பு சரியில்லை, தினமும் சூப் கொண்டு போ என்றாள். மூடி சரியாகப் பொருந்தாத பாத்திரம். ஓடினால் சிந்தும். எங்கேயாவது வைத்துவிட்டுப் போனால் ஆறிவிடும், ஆறினால் அத்தை ஃபோன் செய்துவிடுவார்.

சூப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் ஓடலாம் என்று கண்டுபிடித்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. அத்தையைக் காலையில் ஆற்றங்கரையில் நடக்கச் சொல்லியிருக்கிறார்களாம், தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறதாம்.

"நீதான் தினமும் அந்தப் பக்கம் போறியே," என்றாள் பிசெர்கா.

பெர்சிதா அத்தை ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். என் முழங்கையைப் பிடித்த பிடியில், டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவன் போல உணர்ந்தேன். நாலு அடி நடப்பார், கைத்தடியை ஊன்றி நிற்பார். வாத்தைப் பார்ப்பார், படகைப் பார்ப்பார். எதிரே வருகிற நாய்களின் பெயரையெல்லாம் விசாரிப்பார். ஓட்டக்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். குழந்தை வண்டிகள் போயின. ஒரு நாள் நெஸ்தோரும் வந்தார். மனிதர் நின்று, தொப்பியைக் கழற்றி, அத்தைக்கு வணக்கம் சொன்னார்.

"இதே வேகத்துல போனா, ரதிவோய், அக்டோபருக்குள்ள பாலத்தைத் தாண்டிடலாம்," என்றார் என்னிடம்.

சாயங்காலங்களும் எனக்குச் சொந்தமில்லை. டி.வி.யில் செய்தி ஓடும்போது தரைவிரிப்பில் ஒருக்களித்துப் படுத்து, விளக்குக் கம்பத்தைக் கண்ட நாய் மாதிரி நான் காலைத் தூக்க வேண்டும். பிசெர்கா சோபாவில் உட்கார்ந்து வண்டி அனுப்புகிற குரலில் தூக்கு, நிறுத்து, இறக்கு என்பாள். செய்தி வாசிக்கிறவர்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கும்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு நாள், நிலவறைப் படியில் நேராக இறங்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். ஆணி அடிப்பவர்கள் எப்போது வேலையை விட்டுப் போனார்களோ தெரியவில்லை. என் உடம்பு வாகு அப்படி, தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் ஒரு காலை. அத்தை ஒரு கொழுத்த நாயின் குலம் கோத்திரம் விசாரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் வந்து நின்றது. அத்தை கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கினார், பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார், ஓடினார். எழுபதைத் தாண்டிய அந்த அம்மாள், சாலையைக் குறுக்கே கடந்து, பூச்செடி வரிசையைத் தாண்டி, மூடப்போன கதவுக்குள் முயல் மாதிரி நுழைந்துவிட்டார். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்.

நேராக வீட்டுக்குப் போனேன். பிசெர்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் அத்தை ஓடறாங்க," என்றேன்.

அவள் நிமிரவில்லை. "பஸ் கெடச்சுதா?"

"கெடச்சுது."

"நல்லவேளை. நெஸ்தோர்கிட்ட பல்லு காட்டணும்னாங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். முட்டை, சூப், அத்தை எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் ஊர்வலம் போயின. "உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"முதல் நாளே. எங்க டிரைவருங்க மூணு பேர் சொல்லிட்டாங்க. ஒருத்தன் கேட்டான், அக்கா, உங்க வீட்டுக்காரர் ரொட்டியைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு ஓடறாரே, திருடிட்டாரான்னு."

"அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா நிறுத்தியிருப்பியா? உன் கால் நான் சொன்னா கேக்காது. கையில எதையாவது குடுத்தாதான் நிக்கும்." கத்தியைக் கீழே வைத்தாள். அவள் குரல் மாறியது. "எங்கப்பாவும் இப்படித்தான். ஃபுட்பால் ஆடின முட்டி. வலிக்குதுன்னு சொல்லவே மாட்டார். அறுபது வயசுல பால்கனி நாற்காலியில உக்காந்தவர்தான், அப்புறம் ஆத்தங்கரைக்கு எறங்கவே இல்ல. போற கப்பல் பேரையெல்லாம் நான்தான் அவருக்குப் படிச்சுச் சொல்வேன். உனக்கும் அதே மாதிரி படிச்சுச் சொல்ல என்னால முடியாதுப்பா."

கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை நான் நறுக்கினேன். கண் கலங்குவதற்கு அதைவிட வசதியான காரணம் கிடையாது.

அதற்குப் பிறகு திருட்டுத்தனம் செய்யவில்லை. புது ஷூ வாங்கினேன். டாக்டர் சென்கா என்னை ஒற்றைக் காலில் நிற்க வைத்து, உட்கார வைத்து, படியேற வைத்துப் பார்த்தார். இந்த வருஷப் போட்டி கிடையாது, ஆனால் கொஞ்சம் ஓட்டம் கொஞ்சம் நடை என்று மாற்றி மாற்றி ஆரம்பிக்கலாம் என்று அனுமதி கொடுத்தார். என் சபதம்? அக்டோபர் போட்டியன்று சாலையோரம் நின்று நெஸ்தோருக்குத் தண்ணீர் நீட்டினேன். ரதிவோய் என்ற பெயரை மாற்றிக்கொள்வாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் அவர் இல்லை. முகம் கோணியிருந்தது. மறுநாள் எங்கள் மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்கினார். புதுப் பயிற்சியா என்று மரியாதையாக விசாரித்தேன்.

இனி எனக்கு அத்தை துணை வேண்டியதில்லை. அதை அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டுமே என்று, நன்றி, பாசம், பிரிவுத்துயர் எல்லாம் கலந்து ஒரு சொற்பொழிவைத் தயார் செய்துகொண்டு ஃபோன் செய்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அத்தை நிறுத்திவிட்டார்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் மாப்ள. உன் சவாரி முடிஞ்சுதுன்னு பிசெர்கா சொல்லிட்டா. திங்கக்கெழமைலேருந்து நெஸ்தோரை ஏத்தியிருக்கேன். அவர் பொண்டாட்டி வந்து கேட்டுக்கிட்டா."

திங்கட்கிழமை காலை மூடுபனியில் கரைக்குப் போனேன். கொஞ்சம் ஓடினேன், கொஞ்சம் நடந்தேன். முட்டி சத்தமில்லாமல் இருந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது. நடக்கிற முறை வந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அத்தை வந்துகொண்டிருந்தார், கைத்தடி கக்கத்தில். பக்கத்தில் நெஸ்தோர், வியர்த்து விறுவிறுத்து, அவர் நடைக்கு ஈடு கொடுத்துக்கொண்டு.

"என்கூட நாலு அடிக்கு ஒரு தடவை நின்னீங்களே அத்தை?" என்று கேட்டேன்.

"நீ சொன்னா கேக்க மாட்டே, அதனால புடிச்சு நிறுத்த வேண்டியிருந்துது. இவர் கேக்கறார். நான் என் நடையில நடக்கறேன்," என்றவர், முழங்கையால் என்னை லேசாகத் தள்ளினார். "கொஞ்சம் ஓரமா போ மாப்ள. வேகமா நடக்கறவங்களுக்கு வழி விடணும்."