இருபத்தெட்டு நாள் பாஸ்

டோம்பிவிலியில் மும்பை லோக்கல் ரயிலில் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல் பாஸைச் சேலைத் தலைப்பால் துடைத்தபோதுதான் சுலபா கரந்தீகர் அதிலிருந்த தேதியைப் பார்த்தாள். மார்ச் ஒன்று வரை என்று போட்டிருந்தது. இன்று மார்ச் மூன்று.

"சாரு, என் கண்ணுல கோளாறான்னு பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினாள்.

சாரு பார்த்தாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு அக்கா. பாஸ்தான் செத்துப்போச்சு."

"அதெப்படி? பிப்ரவரி ரெண்டாம் தேதி எடுத்தேன். மாசம்னா முப்பது நாள். பால் கணக்குக்கு அடிக்கிற மாதிரி காலண்டர்ல தினமும் ஒரு கட்டம் அடிச்சுட்டு வர்றேன். இன்னிக்குத்தான் முப்பதாவது கட்டம்."

"பிப்ரவரிக்கு இருபத்தெட்டுதானே. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியோட முடிஞ்சுது."

"அப்போ மார்ச்ல எடுக்கிறவ அதே காசுக்கு மூணு நாள் ஜாஸ்தி போவாளா?"

"போவா."

"இது என்ன நியாயம்?"

"காலண்டர் போட்டவனைத்தான் கேக்கணும்."

இருபத்தாறு வருடமாக மூன்று மாத பாஸ் எடுத்து வந்தவள் சுலபா. அலுவலகம் ஏப்ரலில் வாஷிக்கு மாறுகிறது என்பதால் இந்த முறைதான் ஒரு மாத பாஸ். போதாத காலம், எடுத்தது பிப்ரவரியாக அமைந்துவிட்டது.

வேறு யாராவது என்றால் போகட்டும் என்று இருந்திருப்பார்கள். டிக்கெட் இல்லாமல் யாராவது பிடிபட்டால் பரிசோதகரைவிட அதிகம் திட்டுவது சுலபாதான். அவளுடைய நேர்மை அந்த மகளிர் பெட்டி முழுக்கப் பிரசித்தம். சாரு, ரூபினா, பிலோமினா மூவரும் வண்டி புறப்படும் கல்யாண் ஸ்டேஷனிலேயே ஏறி அவளுக்கு நடைவழியோரச் சீட்டைப் பிடித்து வைப்பார்கள். பரிசோதகர் வந்து முதலில் நிற்கும் இடம் அது. "நீங்கதான் எங்களுக்குத் தலைவி" என்பார்கள். சுலபா பாஸை உயர்த்திக் காட்டுவாள். பரிசோதகர் அம்மாள் ஒரு வணக்கம் வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள்.

"தாணேயில இறங்கி டிக்கெட் எடுத்துக்கறேன்" என்று சுலபா எழுந்தாள்.

"ஐயோ வேண்டாம் அக்கா" என்று ரூபினா பையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லாம நாங்க எப்படிப் போறது?"

சுலபாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இப்படியும் சிநேகிதிகள் கிடைப்பார்களா என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் தாணே கூட்டம் உள்ளே வந்தது. அவளால் வாசலுக்கும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அவளுடைய சீட்டில் யாரோ ஒருத்தி கொத்தவரங்காயோடு உட்கார்ந்து ஆயத் தொடங்கியிருந்தாள்.

"யாராவது போன்ல ஒரு டிக்கெட் எடுத்துக் குடுங்களேன்" என்று நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"ஓடுற வண்டியில எடுக்க முடியாதாம்" என்று யாரோ சொன்னார்கள். "யாருக்கு டிக்கெட்?" என்று இன்னொருத்தி கேட்டாள். "நம்ம சுலபா அக்காவுக்குத்தான். வித்தவுட்ல வர்றாங்களாம்." செய்தி பெட்டியின் கடைசி வரை போய்த் திரும்பியது. போன மாதம் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கல்லூரிப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். சுலபாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நேத்து போக ஒண்ணு, வர ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. மூணு தடவை திருட்டு ரயில் ஏறியிருக்கேன் சாரு."

"வெளிய சொல்லாதீங்க அக்கா."

காட்கோபரில் கருப்புக் கோட்டுப் பரிசோதகர் அம்மாள் ஏறினாள். சாருவுக்கு முகம் வெளுத்தது. கொத்தவரங்காய்க்காரியைக் கெஞ்சி எழுப்பி, சுலபாவை இழுத்து ஓரச்சீட்டில் உட்கார வைத்தாள்.

"தேதி மேல கட்டைவிரலை வெச்சு எப்பவும் போலக் காட்டுங்க. அவங்க உங்க மூஞ்சியைத்தான் பாப்பாங்க."

"நான் ஏமாத்தணுமா?"

"எங்களுக்காக அக்கா" என்றாள் ரூபினா.

எனக்காக இப்படித் தவிக்கிறார்களே, இவர்கள் முன்னால் நான் கோழையாக இருப்பதா என்று சுலபாவுக்கு வீறாப்பு வந்தது. பரிசோதகர் வணக்கம் வைத்து நகர்ந்தபோது எழுந்து அவள் கோட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"மேடம், என் பாஸ் முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சு. அபராதம் போடுங்க."

பரிசோதகர் பாஸை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். "அக்கா, நீங்களா?"

"நான்தான். தப்பு உங்க பேர்லயும் இருக்கு. மூஞ்சியைப் பார்த்து விடலாமா? இனிமே ஒவ்வொருத்தரையும் பாஸை வாங்கிப் பாருங்க. என் கூட வர்றவங்கன்னு விடாதீங்க. இவங்ககிட்ட இருந்தே ஆரம்பிங்க."

ரசீது எழுதி முடித்த பரிசோதகர், சாருவின் பக்கம் கையை நீட்டினாள். சாரு ரூபினாவைப் பார்த்தாள். ரூபினா கைப்பைக்குள் எதையோ ரொம்ப நேரம் தேடினாள். குர்லா ஸ்டேஷன் வந்து போனது.

டோம்பிவிலியிலிருந்து வாயே திறக்காமல் ஜன்னலோரம் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பிலோமினா, ஊசியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, ஏழு வருஷமா நாங்க மூணு பேரும் உங்க பாஸ்லதான் போயிட்டு வர்றோம்."