இருதயராஜ் நடத்திய இங்கிலீஷ் வகுப்பு

விஷ்ராந்த்வாடிப் பேட்டை முழுக்கக் கேட்கிற குரலில் இருதயராஜ் சபதம் போட்டார்.

"புதன்கிழமைக்குள்ள உன்னை இங்கிலீஷ்ல வெளுத்து வாங்க வைக்கலேன்னா நான் ஆர்ட்னன்ஸ் ஃபாக்டரி சார்ஜ்மேனே இல்ல!"

அவர் மனைவி அந்தோணியம்மாள் பக்கத்துத் தெரு மழலையர் பள்ளியில் டீச்சர் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். புதன்கிழமை இன்டர்வியூ, அதுவும் இங்கிலீஷில். நாலு பேர் முன்னால் அவள் வாயடைத்து நின்று, முகம் வாடித் திரும்புவதை நினைத்தாலே மனுஷனுக்குத் தாங்கவில்லை. ஃபாக்டரியில் தன் கீழுள்ள ஆட்களிடம் எவ்வளவு உறுமினாலும் பெண்டாட்டி முகம் வாடினால் அவருக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் பாடம் ஆரம்பமாயிற்று.

"இன்னிக்கு 'பிக் அப்'. ஏகப்பட்ட அர்த்தம் இருக்கு. கீழ கிடக்கறதை எடுத்தா, பிக் அப்."

"புரியலையேங்க."

"எங்க ஃபாக்டரியில எதையும் செஞ்சு காட்டித்தான் பழக்குவோம். பாரு!"

தான் அவிழ்த்துப் போட்டிருந்த சாக்ஸை எடுத்தார். ஈரத்துண்டை எடுத்தார். சோபாவுக்கு அடியில் கிடந்த ஒரு வாரப் பேப்பரையும் எடுத்தார். மோவாயில் கை வைத்துக் கவனமாகப் பார்த்தாள் அந்தோணியம்மாள்.

"அந்த ரூம்லயும் ஒருதடவை காட்டுங்களேன்."

காட்டினார்.

"போன் அடிச்சா எடுக்கறதும் பிக் அப்."

"நான் கூப்பிட்டா நீங்க எடுக்கவே மாட்டீங்களே, அதுவா?"

"அது... அடுத்த பாடம். கடையில வாங்கிட்டு வர்றதும் பிக் அப்தான்."

"இது சுத்தமா ஏறலைங்க." பையை நீட்டினாள்.

கீரை விற்கும் பாஜிக்காரரிடம் போய் மேத்தி என்கிற வெந்தயக்கீரையும் கோத்மீர் என்கிற கொத்தமல்லியும் வாங்கி வந்தார்.

"கோத்மீர் வாடியிருக்கே. பாடம் பாதிதாங்க புரியுது."

மறுபடியும் போனார். வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி, "ஆளைப் போய்க் கூட்டிட்டு வர்றதும்..." என்று ஆரம்பித்தார்.

"கீர்த்தி ஹடப்சர்ல இருந்து பஸ்ல வந்து இறங்கற நேரந்தாங்க."

ஸ்கூட்டர் சாவியும் அவள் கையில் தயாராக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்த மகள் கீர்த்தி விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"டாடி! இன்டர்வியூவை முன்னாடியே வச்சுட்டாங்க. வெள்ளிக்கிழமையே அம்மாவுக்கு வேலை கன்ஃபர்ம். பிரின்சிபலோட அம்மா அரைமணி நேரம் இங்கிலீஷ்லதான் பேசினாங்களாம். உங்ககிட்ட சொல்லலையா?"

வீட்டுக்குள் நுழைந்த இருதயராஜ் நேரே மனைவி முன்னால் போய் நின்றார். "எப்படீ உனக்கு இங்கிலீஷ்..."

"பன்னண்டு வருஷம் இவ ஸ்கூல் மீட்டிங்குக்கெல்லாம் போனது யாரு? உங்களுக்கு எப்பவும் ஷிப்ட்டு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"வெள்ளிக்கிழமை ராத்திரியே சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீங்க சபதம் போட்டுட்டீங்க. எனக்காக நீங்க இப்படித் தவிக்கறதைப் பாக்க ஆசையா இருந்துச்சுங்க. நிறுத்த மனசு வரல."

அவள் கண் கலங்கியிருந்தது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப, கிளாஸ் முடிஞ்சுதா?"

"அதெப்படி?" என்று நிமிர்ந்து, தட்டுமுட்டுச் சாமான் அடைந்து கிடந்த பரணைப் பார்த்தாள் அந்தோணியம்மாள். "நாளைக்கு 'கிளீன் அவுட்'. செஞ்சு காட்டினாத்தாங்க எனக்கு ஏறும்."